தேயிலை ஃபேக்டரி லோடிங் மேடையின் கனத்த கான்கிரீட் தளத்தை வெட்டி அகற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழைய தேயிலை ஃபேக்டரிகளில் லோடிங் மேடையை உயர்த்தவும் அகலப்படுத்தவும் இப்போது வேலை நடக்கிறது. அந்த நாளில் சின்ன லாரிக்குக் கட்டிய மேடை இன்றைய வண்டியின் தட்டு உயரத்துக்குச் சரியாக வருவதில்லை. பழைய தளத்தை எடுத்தால்தான் புதியது போட முடியும். மேனேஜர், மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே.

பிரேக்கர் வைத்து உடைத்துவிட்டால் ஆகாதா? வைர பிளேடு மெஷினால் வெட்ட ஏன் செலவு செய்ய வேண்டும்?

100 மி.மீ.க்கு உட்பட்ட, கம்பியில்லாத தரை என்றால் உடையுங்கள், தவறில்லை. இரண்டு அடுக்குக் கம்பியோடு 200 மி.மீ. தடிமனில் இருக்கும் மேடை வேறு சங்கதி. பிரேக்கரின் அதிர்வு மேடையோடு நிற்பதில்லை. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கருங்கல் சுவரில் கல்லும் கலவையும் விட்டுப்போகும். பக்கத்து ஷெட்டில் தேயிலையை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலர் ஓடினால் அதன் அலைன்மென்டும் கெடும். தூள் வேறு. மிச்சமாகும் கம்பிப் பின்னலோடு தொங்கும் துண்டுகளை அறுத்து எடுக்கக் கட்டிங் செட்டோடு தனி ஆள் போட வேண்டியிருக்கும். வெட்டி எடுத்தால் எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று முன்கூட்டியே தெரியும். மலையில் அந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு.

துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்கும் இடம் இது. முதலில் சாக்பீஸால் கோடு போடுகிறார்கள், பிறகு தூக்க வண்டி தேடுகிறார்கள். தூக்கும் வண்டி எங்கே நிற்கும், அந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும், லாரி எதுவரை வரும் என்ற மூன்றும் முடிவான பிறகுதான் கோடு.

கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,500 கிலோ. 150 மி.மீ. தளம் சதுர மீட்டருக்கு 375 கிலோ, 200 மி.மீ. 500 கிலோ, 300 மி.மீ. 750 கிலோ. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 200 மி.மீ. தடிமன் உள்ள மேடையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 36 டன். 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்று போட்டால் 40 துண்டு, துண்டுக்கு 900 கிலோ. உள்கோடுகள் 90 மீட்டர். மூன்று பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் இன்னும் 24 மீட்டர். ஆக 114 மீட்டர் வெட்டு. துண்டைப் பெரிதாக்கினால் வெட்டு நீளம் குறையும், பிளேடு மிச்சமாகும். ஆனால் 900 கிலோவைத் தூக்கும் ஹைட்ரா (சுமையோடு நகரும் சின்ன கிரேன்) அதே இடத்திலிருந்து 1,800 கிலோவைத் தூக்காது.

தடிமனை வரைபடத்தை நம்பி எழுதாதீர்கள். குறைந்தது மூன்று இடத்தில், அதில் ஒன்று ஓரத்தில், 50 மி.மீ. கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து அளந்து பாருங்கள். நடுவில் 200 இருக்கும் தளம் விளிம்பில் 300 இருப்பது சகஜம். லாரி இடிக்கும் என்று அன்றைய மேஸ்திரி விளிம்பைத் தடிமனாகப் போட்டிருப்பார். அந்த வரிசைத் துண்டு 900 அல்ல, 1,350 கிலோ.

தளத்தை எடுத்தால் மேடைச் சுவர் நிற்குமா?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கேட்பவர்கள் குறைவு.

மேடையின் முன்சுவர் வெறும் சுவர் அல்ல, உள்ளே நிரப்பிய மண்ணைத் தாங்கும் சுவர். மேலே உள்ள தளம் அந்தச் சுவரின் தலையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். கம்பி சுவருக்குள் போயிருந்தாலும் சரி, வெறும் எடையால் அழுத்திக்கொண்டிருந்தாலும் சரி, தளம் போன நிமிடத்திலிருந்து சுவர் தனியாக நிற்க வேண்டும். 1.5 மீட்டர் உயரச் சுவரில், மண் காய்ந்திருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 700 கிலோ தள்ளும். மழைத் தண்ணீர் நிறைந்து நின்றால் அது சுமார் 1,400 கிலோ. தளம் இருந்தவரை மழைநீர் உள்ளே இறங்காமல் காத்ததும் அந்தத் தளம்தான். ஆக, பிடிப்பு போகும் அதே நாளில் தண்ணீருக்கும் வழி திறக்கிறது.

செய்ய வேண்டியது: சுவரில் ஏற்கெனவே உள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறவுங்கள். இல்லையென்றால் அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 1.5 மீட்டருக்கு ஒன்று போடுங்கள். முன்பக்கம் சாய்வு முட்டு கொடுங்கள். தளத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் 3 மீட்டர் பகுதிகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். எடுத்த இடத்தில் சுவரை ஒட்டிய மண்ணைப் பாதி உயரத்துக்கு வழித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சாயங்காலம் தார்ப்பாய் போடாமல் சைட்டை விட்டுக் கிளம்பக் கூடாது, வானம் தெளிவாக இருந்தாலும்.

பின்பக்கத்தையும் பாருங்கள். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், மலைப் பக்கத் தாங்கு சுவரின் காலடியைப் பல இடங்களில் இதே தளம்தான் முட்டுக் கொடுத்துத் தடுத்திருக்கும். அந்த வரிசையைக் கடைசியாக வையுங்கள். மலைச் சுவர் 2 மீட்டருக்கு மேல் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அந்த வரிசையைத் தொட வேண்டாம்.

மேடையின் ஒரு பாதி மண் மேலும், பள்ளப் பக்கப் பாதி தூண் மேலும் நிற்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி வெட்டலாமா?

கூடாது. சரிவில் கட்டிய மேடைகளில் பல இப்படித்தான். மேலே நின்று பார்த்தால் ஒரே தளம். கீழே இறங்கிப் பார்த்தால்தான் எங்கே மண் முடிகிறது என்று தெரியும். அந்தக் கோட்டை முதலில் மேலே பெயின்டால் வரையுங்கள்.

தூண் மேல் உள்ள பகுதியில் வெட்டும் வரிசைதான் உயிர். தளம் ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்குத் தாவி நிற்கிறது. மெயின் கம்பி அந்தத் திசையில் ஓடும். முதல் வெட்டுகளை மெயின் கம்பிக்கு இணையாகப் போடுங்கள். அப்போது ஒவ்வொரு பட்டையும் இரண்டு பீமிலும் உட்கார்ந்தபடியே இருக்கும், தன் எடையைத் தானே தாங்கும். நடுவில் குறுக்கே முதலில் வெட்டினால் இரண்டு பாதியும் தொங்கு தளமாகிவிடும். அதற்கு மேல்கம்பி வேண்டும். பழைய தளங்களில் மேல்கம்பி பீம் ஓரத்தோடு நின்றுவிடும். அப்புறம் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டைகள் பிரிந்த பிறகு, எடுக்கப்போகும் பட்டையை ஹைட்ராவில் கட்டி, அடியிலும் முட்டு வைத்து, அதன் பிறகே பீம் ஓரத்து வெட்டு. கயிறு விறைப்பாக இருந்தால் போதும். துண்டின் எடைக்கு மேல் இழுத்து வைத்தால் கடைசிக் கம்பி அறும்போது துண்டு துள்ளும்.

முட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. சரிவு மண்ணில் ஜாக்கி முட்டை நேராக ஊன்றினால் அடி வழுக்கும். ஒவ்வொரு முட்டுக்கும் சிறு படி வெட்டி, மட்டம் பார்த்து, அதன் மேல் பழைய ஸ்லீப்பர் கட்டையைப் போட்டு நிறுத்துங்கள். முட்டுகளை ஒன்றோடொன்று குறுக்குக் குழாயால் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். சவுக்குக் கம்பு சென்ட்ரிங் வேலைக்கு ஆகும், இதற்கு ஆகாது.

பிளேடு வெட்டின் நடுவில் பிடித்துக்கொள்கிறது. ஏன்?

துண்டு தொய்ந்து வெட்டின் வாயை மூடுகிறது. வெட்டின் அகலமே 4, 5 மி.மீ.தான். பிளேடு கடந்த இடத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாக இரும்பு ஆப்பு செருகிக்கொண்டே போனால் இது வராது. மாட்டிக்கொண்ட பிளேடை மோட்டாரை முறுக்கி விடுவிக்கப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்து, துண்டை அடியிலிருந்து ஜாக்கியால் ஒரு நூல் தூக்கினால் தானாக விடும்.

எந்த அளவு பிளேடு? என்ன வேகம்?

350 மி.மீ. பிளேடு ஏறக்குறைய 120 மி.மீ. ஆழம் போகும். 450 பிளேடு 165, 600 பிளேடு 240. ஆக 200 மி.மீ. தளத்துக்கு 600 வேண்டும். ஆனால் 600ஐ எடுத்தவுடன் இறக்கினால் கோடு வளையும். முதலில் 350 பிளேடால் 30, 40 மி.மீ. வழி போட்டுக்கொண்டு, பிறகு பெரிய பிளேடால் தடவைக்கு 50 முதல் 75 மி.மீ. வரை இறக்குங்கள். வழி போடும் பிளேடின் பல் தடிமன் பெரிய பிளேடைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இருந்தால் பெரியது அந்தப் பள்ளத்தில் இறங்காது.

பிளேடின் விளிம்பு வேகம் நொடிக்கு 40 முதல் 50 மீட்டர். 350 பிளேடுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று, 600க்குச் சுமார் 1,400. சின்ன பிளேடுக்கு வைத்த வேகத்திலேயே 600ஐ மாட்டி ஓட்டினால் விளிம்பு நொடிக்கு 75 மீட்டரைத் தொடும். பல் தெறிக்கும். எதிரே நிற்பவருக்கு ஹெல்மெட் உதவாது. மூன்று ஃபேஸ் மெஷின் என்றால் புது பாயின்டில் செருகும் ஒவ்வொரு முறையும் பிளேடு இல்லாமல் ஓட்டிச் சுற்றும் திசையைப் பாருங்கள். திசை மாறிச் சுற்றினால் நட்டு கழன்றுவிடும்.

புது பிளேடுதான், ஆனால் வெட்டவில்லை. பொறி மட்டும் பறக்கிறது.

வைரம் மழுங்கிப் பல் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டது. நீலகிரி மலையே சார்னோகைட் பாறை. உள்ளூர் ஜல்லி போட்ட கான்கிரீட் கெட்டியானது. கெட்டிக் கல்லுக்கு மென்மையான பாண்ட் (வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம்) உள்ள பிளேடு வேண்டும். அப்போதுதான் உலோகம் தேய்ந்து புது வைரம் வெளியே வரும். சமவெளியில் நன்றாக ஓடிய பிளேடு இங்கே மக்கர் செய்வது பெரும்பாலும் இதனால்தான். தற்காலிக வழி: மணல் கல்லிலோ கரடான செங்கல்லிலோ மேலோட்டமாக நாலைந்து வெட்டு வெட்டினால் பல் திறக்கும். கம்பி நெருக்கமாக உள்ள இடத்தில் மெஷினைத் தள்ளாதீர்கள். அதன் எடைக்கே விடுங்கள்.

உள்ளே என்ன கம்பி, எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

ஸ்கேனர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் ஓரமாக 30 செ.மீ. சதுரத்துக்கு, கம்பியை மூடியிருக்கும் மேல் கான்கிரீட்டை மட்டும் தட்டிப் பாருங்கள். வழவழப்பான உருண்டைக் கம்பி என்றால் தளம் பழையது. முறுக்குக் கம்பி 1970களை ஒட்டிப் பரவியது, டிஎம்டி அதற்கும் பின்னால். உருண்டைக் கம்பிக்குக் கான்கிரீட்டில் பிடிப்பு குறைவு. வெட்டிய துண்டின் ஓரத்தில் கம்பி கவ்வாமல் நழுவும். அதனால் தூக்கும் துளையை ஓரத்துக்கு மிக அருகில் போடாதீர்கள். கம்பியைவிட கவனிக்க வேண்டியது தளத்துக்குள் ஓடும் மின் குழாய். லைன் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியன் காட்டி, ஐசொலேட்டரைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே மெஷினைத் தொடுங்கள். மெஷின் லைனில், மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும்.

முதல் துண்டு கிளம்பவே மாட்டேன் என்கிறது. ஹைட்ரா தூக்கினால் ஹைட்ராவின் பின்சக்கரம்தான் எழும்புகிறது.

இரண்டு காரணம். ஒன்று, நாலு பக்கமும் பக்கத்துத் துண்டோடு உரசுகிறது. இரண்டு, ஈர மண் அடியில் உறிஞ்சிப் பிடிக்கிறது. மண் மேல் உள்ள தளத்துக்குக் கணக்கில் எடையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 900 கிலோ துண்டுக்கு 1,350 என்று வைத்தே வண்டியும் கயிறும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் துண்டின் ஒரு பக்கத்தில் 100 மி.மீ. இடைவெளியில் இரட்டைக் கோடு வெட்டுங்கள். நடுவில் உள்ள அந்தக் குறுகிய பட்டையை மட்டும் கை பிரேக்கரால் உடைத்து எடுங்கள். இடம் கிடைத்துவிடும். அந்த இடைவெளியில் மண்ணைத் தோண்டி, நகத்தால் தூக்கும் 10 டன் ஜாக்கியை விளிம்புக்கு அடியில் கொடுத்து ஒரு ஓரத்தை 20 மி.மீ. தூக்குங்கள். காற்று உள்ளே போனதும் உறிஞ்சல் போய்விடும். ஹைட்ராவை முதலில் கூப்பிடாதீர்கள். ஜாக்கி முடித்த பிறகு கூப்பிடுங்கள்.

எங்கே, எப்படிக் கட்டித் தூக்குவது?

தொங்கும் தளத்தில் 50 மி.மீ. கோர் துளை நான்கு, விளிம்பிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே. 1.5 மீட்டர் துண்டுக்கு அது 30 செ.மீ. துளை வழியே ராடு விட்டு, அடியில் 150 மி.மீ. சதுர, 12 மி.மீ. தடிமன் பிளேட் வைத்து நட்டு இறுக்குங்கள். பழைய கான்கிரீட்டில் விரியும் ஆங்கர் போல்ட்டை இழுத்துச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

நாலு கால் செயின் போட்டாலும் உண்மையில் எடை இரண்டு காலில்தான் ஏறும் என்று கணக்கிடுங்கள். தரையோடு 60 டிகிரி கோணம் என்றால் 900 கிலோவுக்கு ஒரு காலில் 520 கிலோ. 45 டிகிரியில் 636. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் அதே துண்டு ஒரு காலில் 900. உறிஞ்சலும் சேர்ந்தால் இவற்றில் பாதி இன்னும் கூடும். துணி பெல்ட் போடுகிறீர்களென்றால் வெட்டிய விளிம்பில் மூலைக் காப்பு இல்லாமல் கூடாது. வெட்டு முனை கத்திதான்.

14 டன் ஹைட்ரா வைத்திருக்கிறோம். போதுமா?

அந்த 14 டன் என்பது, பூமை (கிரேனின் நீளும் கையை) முழுக்க உள்ளிழுத்து, மூக்குக்குக் கீழே வைத்துத் தூக்கும்போது. பூமை நீட்ட நீட்ட வேகமாகக் குறையும். கேபினில் ஒட்டியிருக்கும் சார்ட்டில், உங்கள் மேடையின் தூரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சார்ட் இல்லாத வண்டியை வேலைக்கு எடுக்காதீர்கள். சார்ட் சமதரைக்குத்தான் பொருந்தும். நம் ஊர் யார்டு எதுவும் சமதரை இல்லை. சுமையோடு குறுக்குச் சரிவில் திரும்புவதுதான் ஹைட்ரா கவிழும் வழி. துண்டைத் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தூக்காமல், கயிறு கட்டி ஆட்டத்தை அடக்கி, நேர்க்கோட்டில் கொண்டுபோங்கள். மேடைச் சுவரிலிருந்து குறைந்தது சுவரின் உயரம் அளவுக்குத் தள்ளியே சக்கரம் நிற்க வேண்டும். பாதி வெட்டிய தளத்தின் மேல் ஏறவே கூடாது.

வண்டியே வராத ஃபேக்டரி உண்டு. அங்கே துண்டை 400 கிலோவுக்குள் வெட்டி, மேடையின் மேல் இரும்பு கேன்ட்ரியில் 2 டன் செயின் பிளாக் கட்டி, உருளை மேல் நகர்த்துங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

துறைமுகத்தில் வயர் சா (வைர மணி கோத்த கம்பிக் கயிறு) வைத்து வெட்டுகிறார்களே, அது இங்கே வேண்டாமா?

கப்பல் அணையும் மேடையில் ஒரு மீட்டர் தடிமன் பீமும், கடலுக்கு மேல் தொங்கும் தளமும் இருக்கும். மிதவை கிரேன் பல டன் துண்டை ஒரே தூக்கில் எடுக்கும். அங்கே வயர் சாதான் வழி. இங்கே 300 மி.மீ.க்கு மேற்பட்ட விளிம்புப் பீம், இயந்திரப் பீடம் இரண்டுக்கும் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஒன்று: வயர் ஓடும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் போகும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? அந்தச் சேற்றை என்ன செய்வது?

நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு மணி நேர ஓட்டத்துக்கு 5,400 லிட்டர். ஒரு டேங்கர். நாம் எடுத்துக்கொண்ட 114 மீட்டர் வெட்டில் மட்டும் சுமார் 270 கிலோ கான்கிரீட் பொடியாகித் தண்ணீரில் கலக்கும். அந்தச் சேற்றின் காரத்தன்மை பிஎச் 12ஐத் தாண்டும். கை, கால் புண்ணாகும். ஓடையில் விட்டால் மீன் சாகும். ஃபேக்டரிக்குக் கீழே உள்ள ஊற்றுதான் கீழ் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) குடிநீர் என்பதை மறக்க வேண்டாம். மேடையைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, சேற்றை வாக்குவத்தால் உறிஞ்சி, 200 லிட்டர் டிரம்மில் ஓர் இரவு நிற்க விடுங்கள். மேலே தெளிந்ததை மறுநாள் மெஷினுக்கே விடலாம். அடியில் கட்டியானதை இடிபாட்டோடு அனுப்புங்கள்.

தண்ணீர் பற்றாக்குறை என்று உலர் வெட்டு வெட்டாதீர்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது.

ஃபேக்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தேயிலைத் தூள் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். தரம் பிரிக்கும் சார்ட்டிங், பேக்கிங் பக்கம் டீசல் மெஷின் ஓடினால் அந்த லாட், ருசி பார்த்துத் தரம் சொல்லும் டேஸ்டரின் மேசையில் மாட்டும். அந்தப் பக்கம் மின்சார மெஷின் மட்டும். கதவு இடுக்கில் ஷீட் ஒட்டுங்கள். பறிப்பு குறையும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு நல்ல காலம், மழையும் குறைவு. கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் தளத்தைத் திறக்க வேண்டாம். ஜனவரியில் உறைபனி விழும் பள்ளங்களில் இரவு மெஷினின் பம்பிலும் ஹோஸிலும் உள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்தால் பம்பு வெடிக்கும்.

கோயம்புத்தூரில் ஓடிய கம்ப்ரசர் இங்கே இழுக்கவில்லையே?

உயரம். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் 100 மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் சக்தி இழக்கும். 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் சுமார் 18 சதவீதம் போய்விடும். ஜெனரேட்டருக்கும் இதே கதி. ஒரு அளவு பெரியதாக எடுத்து வாருங்கள்.

அனுமதி ஏதாவது?

மண் அள்ளும் இயந்திரங்களுக்கு நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஜேசிபி தேவைப்பட்டால் முதலில் அதை வாங்குங்கள். இடிப்பு வேலைப் பாதுகாப்புக்கு ஐஎஸ் 4130 இருக்கிறது. அதை கான்ட்ராக்ட் பேப்பரிலேயே எழுதிவிடுங்கள்.

வெட்டிய துண்டுகளை எங்கே கொண்டுபோவது?

முடிந்தவரை எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். நேரான விளிம்போடு வெட்டிய 900 கிலோ துண்டு, எஸ்டேட் ரோட்டின் ஓரத்துக்கும் வடிகால் மேல் பாலத்துக்கும் அருமையான பொருள். பாலத்துக்கு என்றால் எந்தப் பக்கம் மெயின் கம்பி என்று வெட்டும்போதே பெயின்டால் அம்பு போட்டு வையுங்கள். அம்புக்குக் குறுக்காக வைத்தால் முதல் லாரியிலேயே விரியும்.

மீதியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், 36 டன்னுக்கு 9 டன் வீதம் நாலு லோடு. துண்டுகளைப் படுக்க வைத்து, இடையில் மரச்சட்டம் கொடுத்து, முன்பலகையோடு ஒட்டி அடுக்குங்கள். முன்னால் இடைவெளி விட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மொத்தச் சுமையும் கேபினை நோக்கி நகரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் சுமை ஒரு பக்கம் சாயும். சங்கிலியை இரண்டாவது வளைவு தாண்டியதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். மரச்சட்டம் அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.